கொக்கியில் காய்ந்த சந்தனம்

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம், புதன்கிழமை. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் சிறிய கம்பெனியில் காலை டீ வருவதற்குச் சற்று முன்பு நடந்தது இது. கிழமையும் நேரமும் எனக்கு மறப்பதில்லை. எந்தக் குழந்தைக்கு எப்போது அம்மை போட்டது, கூரை எந்த மழையில் ஒழுகத் தொடங்கியது என்று வீட்டில் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். இந்தப் புதன்கிழமையை மட்டும் யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு கோபம். ஒரு வருடம் ஆகியும் ஆறவில்லை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய தொழிற்சாலைகளுக்கு மின்சார பேனல் பெட்டி செய்து கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு, அதற்குள் போகும் ஒயர்களை நாங்கள் தயார் செய்கிறோம். ஒரு நீள மேஜை, இரண்டு பக்கமும் பெண்கள். ஒயரின் நுனித் தோலை உரித்து, செம்பு இழைகளை லக்கு என்கிற சின்ன உலோகக் குழலுக்குள் நுழைத்து, கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். டூல் பார்ப்பதற்குக் கொறடு மாதிரிதான் இருக்கும். ஆனால் கொறடு போல நினைத்த இடத்தில் கையை எடுத்துவிட முடியாது. அழுத்தத் தொடங்கிவிட்டால் முழுசாக அழுத்தி முடிக்கிறவரை வாயைத் திறக்காது. முடிந்ததும் 'டக்' என்று தானாக விடும். வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது என்பதற்காகவே யாரோ ஒரு புத்திசாலி அப்படிச் செய்து வைத்திருக்கிறார்.

எனக்குக் கொடுத்திருந்த டூல் பழசு. கீல் உலர்ந்து, ஒவ்வொரு அழுத்தலுக்கும் முனகும். ஷிப்டு முடியும்போது மணிக்கட்டில் நெருப்பு வைத்தது போல இருக்கும். தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது. பிள்ளைக்குத் தலை பின்ன முடியாது. வேறு டூல் கொடுங்கள், இல்லையென்றால் இதற்கு எண்ணெயாவது கொடுங்கள் என்று லைன் சூப்பர்வைசரிடம் பலமுறை கேட்டேன். மேஜையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவர் சொன்ன பதில் இது:

"கை வலிக்குதுன்னா வூட்ல குந்தும்மா. இங்க இன்னா ஆஸ்பத்திரியா நடத்தினு கீறோம்?"

என் பக்கத்து இருக்கையில் ஒரு அக்கா. சேரப்பணஞ்சேரியிலிருந்து வருபவர், நானும் அவரும் ஒரே வேன். சூப்பர்வைசர் நகர்ந்ததும் தன் மதியச் சாப்பாட்டுப் பையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து என் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டுவார். "அந்த ஆளு பேச்ச காதுல போட்டுக்காத. போன ஜென்மத்துல கழுதையா இருந்திருப்பான், உதைக்கிறது மட்டும் மறக்கல" என்பார். அவருடைய கணவர் வீடுகளுக்கு ஒயரிங் செய்பவர். அதனால் எங்களைவிட அக்காவுக்கு டூல்களோடு பழக்கம் அதிகம்.

எங்கள் கம்பெனியில் இன்னொரு கருவியும் உண்டு. அழுத்திய லக்கைக் கொக்கியில் மாட்டி ஒயரை இழுத்தால், எவ்வளவு இழுவைக்குத் தாங்குகிறது என்று முள் காட்டும். கேஜ் என்போம். காலையில் வேலை தொடங்கும் முன்பு ஒவ்வொரு டூலிலும் ஒரு லக்கை அழுத்தி, அதை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும் என்பது விதி. சுவரிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த கேஜ் சூப்பர்வைசருடைய அலமாரியில் பூட்டியிருக்கும். ஆடிட்டுக்கு ஆள் வரும்போது வெளியே வரும். "விலை ஒசந்த பொருளு, நீங்க கீழ போட்டு ஒடைச்சிட்டா?" என்பது அவர் சொல்லும் காரணம்.

ஆடிட்டைத் தவிர அது வெளியே வருகிற இன்னொரு நாள் ஆயுத பூஜை.

போன வருட ஆயுத பூஜைக்கு மேஜையைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வாங்கி வைத்து அமர்க்களப்படுத்தினோம். அக்கா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். "பூஜை வேலை எனக்குத் தெரியாது, நான் டூலுங்கள எல்லாம் தொடச்சி வெச்சிர்றேன். பொரி மட்டும் எனக்கு ரெண்டு பங்கு" என்று சொல்லிவிட்டு, எல்லாருடைய டூல்களையும் ஒரு தட்டில் வாரிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். துடைத்து வந்தவற்றுக்கு நாங்கள் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டோம். கேஜையும் சூப்பர்வைசர் பயபக்தியோடு எடுத்து வந்து நடுவில் வைத்தார். அதற்குப் பொட்டு வைத்தது நான். லக்கு மாட்டுகிற கொக்கியின் இடுக்கில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டி முடித்ததும் கேஜ் மறுபடி அலமாரிக்குப் போனது.

விடுமுறை முடிந்து வந்தால், என் டூல் பூப் போல அழுந்தியது. முனகல் இல்லை. சாயங்காலம் கையில் எரிச்சல் இல்லை. வேனில் ஏறியதும் அக்காவிடம் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன்.

"பாத்தியாக்கா, எங்க சரஸ்வதி கண்ணத் தொறந்துட்டா."

"தொறந்தா சரி" என்று சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி அந்தப் புதன்கிழமை.

பேனல் கம்பெனியிலிருந்து தரப் பொறியாளர் ஒருவர் வந்தார். கூடவே நாங்கள் அனுப்பிய ஒயர்ப் பெட்டிகளும் திரும்பி வந்திருந்தன. பொறியாளர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் தன் போனை மேஜை மேல் வைத்து ஒரு படத்தைக் காட்டினார். திறந்த பேனல். அதற்குள் கரி பிடித்த ஒரு லக்கு. அதிலிருந்து நழுவி வந்த ஒயரின் நுனி உருகி உருண்டையாகி இருந்தது. கரண்ட் கொடுத்துச் சோதித்தபோது லக்குக்குள் ஒயர் லூசாகி, சூடேறி, கழன்று, பொறி வெடித்திருக்கிறது. பக்கத்தில் நின்ற ஃபிட்டரின் கை முடி முழுக்கப் பொசுங்கிவிட்டதாம்.

"அவரு அப்பதான் ஸ்க்ரூ டிரைவர் எடுக்கத் திரும்பியிருக்காரு. திரும்பலன்னா மூஞ்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சூப்பர்வைசர் அந்த லக்கு இருந்த ஒயர்க் கட்டின் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டிலும் அதைச் செய்தவரின் இருக்கை எண் இருக்கும். அது என்னுடையது.

"நான் சொல்லல சார்? இந்தம்மாதான். எப்பப் பாரு கை வலிக்குது, கால் வலிக்குதுன்னு அழுகை. வேலைல கவனம் இருந்தாத்தானே? இன்னையோட அனுப்பிர்றேன் சார். நீங்க வேற யாரையும் சந்தேகப்பட வேணாம்."

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஒரு லக்கைத் தூக்கிக் குப்பையில் போடுவது போலச் சொன்னார். நான் அழுத்திய லக்கு ஒவ்வொன்றும் 'டக்' என்று விட்ட பிறகுதான் கையை எடுத்திருக்கிறேன். எப்படி லூசாகும்?

பொறியாளர் கேட்டார்: "காலைல இழுத்துப் பாக்குறீங்களா?"

"டெய்லி சார்" என்றார் சூப்பர்வைசர். "ஷிப்டு ஆரம்பிச்ச ஒடனே மொத வேலையே அதான். இழுத்துப் பாக்காம ஒரு லக்கு இந்த டேபிளத் தாண்டாது."

மேஜையில் இருந்தவர்கள் குனிந்து ஒயரை உரிக்கத் தொடங்கினார்கள். எல்லாரும் ஒப்பந்த ஆட்கள்.

"கேஜ எடுங்க" என்றார் பொறியாளர்.

அலமாரி திறந்தது. கேஜ் வந்து என் எதிரில் உட்கார்ந்தது. பொறியாளர் என் டூலால் ஒரு லக்கை அழுத்தி, அதை மாட்டுவதற்காகக் கேஜின் கொக்கிப் பக்கம் கையைக் கொண்டுபோனார். அப்போதுதான் பார்த்தேன். நான் அப்பிய சந்தனம் அப்படியே இருந்தது. காய்ந்து, லேசாக வெடிப்பு விட்டு, மேலே குங்குமம்கூட உதிராமல்.

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"சார், ஒரு நிமிஷம். மாட்டாதீங்க. அந்தக் கொக்கியப் பாருங்க. ஆயுத பூஜை அன்னிக்கு நான் வெச்ச பொட்டு அது. லக்கு உக்கார்ற எடத்துலயே வெச்சிருக்கேன். தெனம் மாட்டி இழுத்திருந்தா அது எப்படி சார் அப்படியே இருக்கும்?"

பொறியாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். சூப்பர்வைசரும் பார்த்தார். மேஜையின் கடைசியில் இருந்து ஒரு குரல்:

"சாமியே தெனம் வந்து டெஸ்ட் பண்ணிட்டுப் போயிருக்கும்டி. அதுக்குப் பொட்டு அழியாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சூப்பர்வைசரின் காது சிவந்துவிட்டது. "பூஜைக்கு வெச்ச பொட்ட அழிச்சா அபசகுனம்னுதான் சார்..." என்று ஆரம்பித்தவர், தான் என்ன சொல்கிறோம் என்பது புரிந்து பாதியில் நிறுத்தினார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. பொறியாளர் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, லக்கை மாட்டி இழுத்தார். முள் லேசாக அசைந்தது. ஒயர் வெண்ணெயிலிருந்து உருவியது போல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. என் டூலால் அழுத்திய லக்கு. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாத லக்கு.

அவர் டூலைத் திருப்பிப் பார்த்தார். கீலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம் உண்டு. எவ்வளவு அழுத்திய பிறகு டூல் வாயைத் திறக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். அதை ஒரு திருகாணி போட்டுப் பூட்டியிருப்பார்கள். நாங்கள் யாரும் தொடக் கூடாது. என் டூலில் அந்தச் சக்கரம் ஆகக் குறைந்த அளவில் நின்றது. முழு அழுத்தம் போவதற்கு முன்பே டூல் 'டக்' என்று பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"யாரு இதத் திருப்புனது?"

சூப்பர்வைசருக்கு உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா சார்? டூல லூசு பண்ணி வெச்சினு எம்மேல பழி போடுது! இத சும்மா விடக் கூடாது சார்."

அந்த நிமிடத்தில்தான் என் மணிக்கட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. பூஜைக்குப் பிறகு அது ஏன் வலிக்கவில்லை என்று புரிந்தது. சரஸ்வதி கண்ணைத் திறக்கவில்லை.

பக்கத்து இருக்கை பின்னால் நகரும் சத்தம்.

"நான்தான் சார் திருப்புனேன்" என்றார் அக்கா. "பூஜை அன்னிக்கு டூலத் தொடைக்கச்சொல்லோ, பைல வெச்சிருந்த திருப்புளியால திருப்பி வெச்சேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க வூட்டுக்காரரு அவரு டூல்ல அப்படித் திருப்புவாரு, பாத்திருக்கேன். இவ கைய வெச்சினு படுற பாட்டப் பாக்க முடியல."

எல்லாரும் எதிரில் இருக்கும்போதே நான் அவர் மேல் பாய்ந்தேன். "என்னைக் கேட்டியாக்கா? என் டூலு, என் கை! ஒரு வார்த்த கேட்டியா? அந்த ஃபிட்டரு மூஞ்சி எரிஞ்சிருந்தா?"

"கேட்டா வேணாம்னுவ" என்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. "கை போச்சுன்னா நாளைக்கு உனக்கு யாரு சோறு போடுவாங்க?"

கோபம் அப்படியே இருந்தது, யார் மேல் வைப்பது என்று தெரியாமல்.

பொறியாளர் இந்தச் சண்டையில் தலையிடவில்லை. தன் பையிலிருந்து சின்னத் திருப்புளி எடுத்துத் திருகாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சரியான அளவுக்கு வைத்து, ஒரு லக்கை அழுத்தி இழுத்துப் பார்த்தார். முள் ஏறி நின்றது. ஒயர் அசையவில்லை. டூலை என்னிடம் நீட்டினார். அழுத்திப் பார்த்தேன். முன்பு போல முனகவில்லை. சற்றே கூடுதல் பலம் கேட்டது, அவ்வளவுதான். கை தாங்கும்.

"எண்ணெ போட்டீங்களா இதுக்கு?" என்று அக்காவிடம் கேட்டார்.

"ரெண்டு சொட்டு உட்டேன் சார். தையல் மிஷின் எண்ணெ. வூட்லேர்ந்து கொண்டாந்தேன்."

"அதுவே போதும். அந்தச் சக்கரத்தத் தொட்டிருக்கவே வேணாம்."

போனைப் பார்த்துக்கொண்டே, வேறு ஏதோ நினைவில் சொன்னார். அந்தப் படத்தை மறந்தாலும் மறப்பேன், இந்த வார்த்தையை மறக்க மாட்டேன். மாதக்கணக்காக நான் கேட்டது அந்த இரண்டு சொட்டைத்தான். அதைக் கொடுத்திருந்தால் என் கை வலித்திருக்காது. அக்கா இரக்கப்பட்டிருக்க மாட்டார். சக்கரம் திரும்பியிருக்காது. அலமாரியைத் திறந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள் காலையில் இழுத்துப் பார்த்திருந்தால்கூட, எனக்குத் தெரியாத அந்த மனிதரின் கை முடி பொசுங்கியிருக்காது.

பொறியாளர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். காரணம் என்ற இடத்தில் 'தொழிலாளி டூலின் அளவை மாற்றியது' என்று எழுதத் தொடங்கினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "சார், அதுக்கு மேல இன்னொண்ணு எழுதணும். தெனமும் டெஸ்ட் பண்ணலன்னு எழுதுங்க. அக்கா தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது மட்டும் போனா அது பாதி ரிப்போர்ட்டு." அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டையும் எழுதினார். நான் கேட்டபடி மேலே இல்லை, கீழே.

எனக்கு வேலை போகவில்லை. பூஜைக்குப் பிறகு நான் செய்த அத்தனை ஒயர்களின் நுனியையும் வெட்டி எறிந்துவிட்டு, தீபாவளிக்கு முந்தைய நாள் வரை மறுபடி அழுத்தினேன். அக்காவை ஒப்பந்தக்காரர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பேக்கிங் வேலைக்கு மாற்றிவிட்டார். சூப்பர்வைசர் அதே நாற்காலியில் இருக்கிறார். இப்போது மேஜைக்கு ஒரு எண்ணெய்க் குப்பி உண்டு. அதைக் கொண்டுவந்து வைத்த அன்று, "நான் கேட்டப்ப எங்க போச்சு இது?" என்று கேட்டேன்.

"அதான் வந்துட்ச்சில்ல? இன்னும் இன்னாத்துக்கு அதையே பேசினு கீற?" என்றார்.

அக்காவோடு நான் பல வாரம் பேசவில்லை. பொங்கலுக்கு அவராகவே போன் செய்தார். "இன்னும் மூஞ்சத் தூக்கி வெச்சினு கீறியாடி? இங்க நமக்கு நேரா ஃபேன் கீது, தெரியுமா? உன்னாலதான் கெடச்சுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் போனை வைப்பதற்கு முன் சொல்லிவிட்டேன்: "இருந்தாலும் நீ என்னைக் கேட்டிருக்கணும்க்கா." "ஆமா" என்றார்.

இந்த வருட ஆயுத பூஜைக்கும் கேஜுக்குப் பொட்டு வைக்க நான்தான் போனேன். கொக்கிக்கு நேராகச் சந்தனத்தைக் கொண்டுபோனபோது, பின்னாலிருந்து சூப்பர்வைசர் தணிந்த குரலில் சொன்னார்: "அங்க வேணாம்மா. மேல ஓரமா வையேன்."

அந்த மனிதர் கற்றுக்கொண்டது அதைத்தான்.

நான் கொக்கியின் இடுக்கிலேயே வைத்தேன், போன வருடத்தைவிடத் தாராளமாக. விடுமுறை முடிந்த காலையில், மற்ற டூல்களைத் தொடும் முன்பு அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கினேன். முதல் லக்கை மாட்டி இழுத்ததும் சந்தனம் பொடிப்பொடியாக மேஜையில் உதிர்ந்தது. யாரோ "ஐயோ, பொட்டு" என்றார்கள். கும்பிட்ட பொருளை வேலைக்கு விடாமல் பூட்டி வைப்பதைவிடப் பெரிய அபசகுனம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் அந்த முள் ஏறி நிற்கிறதா என்று பார்க்கும்போது, ஸ்க்ரூ டிரைவர் எடுக்கத் திரும்பிய, நான் ஒருநாளும் பார்த்திராத அந்த முகத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.